ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு தலைச்சுமை: இமயமலை கிராமங்களில் குளிர்காலத் தீவனம் ஏன் தீராத சிக்கல்?

ஜூலை மாதத்தில் உத்தராகண்டின் மலைச்சரிவுகளைப் பார்க்கும் யாரும், இங்கே தீவனப் பஞ்சம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பாறை இடுக்கு, வயல் வரப்பு, சாலையோரம் என்று எங்கு திரும்பினாலும் இடுப்பளவு புல். அதே ஊருக்கு ஜனவரியில் போனால் கதை வேறு. சரிவு முழுக்கப் பழுப்பு நிறம். உயரமான ஊர்களில் பனி. அரிவாளும் கயிறுமாக விடியும் முன்பே காட்டுக்குக் கிளம்பும் பெண்கள், மதியத்துக்கு மேல்தான் முதுகு வளைய ஒரு கட்டு இலையோடு திரும்புகிறார்கள்.

ஆறு மாதம் புல் மிதமிஞ்சி இருக்கிறது. அடுத்த நாலைந்து மாதம் மாட்டுக்குப் போட ஒன்றுமில்லை. மழைக்காலப் புல்லைக் குளிர்காலம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் காஷ்மீர், லடாக், இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட் என இமயமலை நெடுகக் கால்நடை வளர்ப்போரின் தலையாய வேலை. அந்த வேலையின் பெரும்பகுதி பெண்களுடையது.

2026-ஐ மேய்ச்சல் நிலங்கள், மேய்ச்சல் சமூகங்களுக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. இதற்கான முயற்சியை முன்னெடுத்த நாடு மங்கோலியா. குளிர்காலத் தீவனம் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023-24 குளிர்காலத்தில் பனி இறுகிப் புல்லை மூடியதில், அங்கே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. இந்தியாவிலும் இது நடந்திருக்கிறது. 2013-இல் லடாக்கின் சாங்தாங் பகுதியில் பெய்த கடும் பனியில், பஷ்மினா ஆடுகள் ஆயிரக்கணக்கில் செத்தன.

இமயமலையின் மற்ற பகுதிகளில் இவ்வளவு பெரிய சாவுகள் நடப்பதில்லை. மாடு மெலிகிறது, பால் வற்றுகிறது, சினைபிடிப்பது தள்ளிப்போகிறது. மெதுவாக நடக்கும் நஷ்டம் என்பதால் செய்தியாவதில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

300 கிலோ எடையுள்ள ஒரு கலப்பின ஜெர்சி பசுவை எடுத்துக்கொள்வோம். மாடு தன் எடையில் சுமார் 2.5 சதவீதம் அளவுக்கு உலர்பொருள் தின்ன வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உலர்பொருள் என்றால், தீவனத்தில் இருக்கும் தண்ணீரைக் கழித்த பிறகு மிஞ்சுவது. இந்தப் பசுவுக்கு அது ஒரு நாளைக்கு 7.5 கிலோ.

பச்சைப் புல்லில் முக்கால் பங்கு தண்ணீர். 30 கிலோ எடையுள்ள ஒரு புல்கட்டில் உலர்பொருள் 7.5 கிலோதான் தேறும். ஆக, ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு தலைச்சுமை. வீட்டில் இரண்டு மாடு என்றால் இரண்டு சுமை.

குளிர்காலத்தை 120 நாள் என்று வைத்தால், ஒரு மாட்டுக்கு 900 கிலோ உலர்பொருள் வேண்டும். காய்ந்த புல்லாகச் சேமித்தால் அது ஒரு டன்னைத் தாண்டும். அந்த ஒரு டன்னுக்கு 3,600 கிலோ பச்சைப் புல் அறுக்க வேண்டும்; அதாவது 120 சுமை. மழை விட்டு, பனி விழத் தொடங்கும் முன் இதற்குக் கிடைக்கும் அவகாசம் ஐந்து வாரம் என்றால், அன்றாடம் மூன்று நான்கு சுமை. நெல், சோளம், சிறுதானிய அறுவடையும் அதே ஐந்து வாரத்தில்தான் வரும். ஆண்கள் டேராடூனிலோ டெல்லியிலோ வேலை பார்க்கும் வீட்டில், இதை முழுக்கச் செய்து முடிப்பது நடக்கிற காரியமா?

முடிவதில்லை. ஆகவேதான் ஜனவரியிலும் காட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. வழுக்கும் பாறை, மரத்திலிருந்து விழும் ஆபத்து, சிறுத்தை, கரடி என்று அந்த நடைக்கு வேறு விலைகளும் உண்டு.

புல் இருக்கும்போதே காய வைத்துவிடலாமே?

இங்கேதான் சிக்கலின் மையம் இருக்கிறது. பிரச்சினை புல்லின் அளவில் மட்டும் இல்லை, காலண்டரிலும் இருக்கிறது.

புல் பூக்கத் தொடங்கும் பருவத்தில்தான் அதில் சத்து அதிகம். இமயமலையின் தென்சரிவுகளில் அந்தப் பருவம் ஜூலை, ஆகஸ்ட். அப்போது அடைமழை. அறுத்துப் போட்டால் காயாது, அழுகும். புல்லைக் கெடாமல் வைக்க வேண்டுமென்றால் ஈரப்பதத்தை 15 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குத் தொடர்ந்து மூன்று நான்கு நாள் நல்ல வெயில் தேவை.

வெயில் வருவது செப்டம்பர் பிற்பாதியிலும் அக்டோபரிலும். அதற்குள் புல் விதை தள்ளி, தண்டு முற்றி, நாராகிவிடும். அப்படி முற்றிய மலைப்புல்லில் புரதம் 3, 4 சதவீதம்தான் மிஞ்சும். மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் சரிவர வேலை செய்யத் தீவனத்தில் குறைந்தது 7 சதவீதம் புரதம் வேண்டும். அதற்குக் கீழே போனால் செரிமானம் மந்தமாகி, மாடு தின்பதையே குறைத்துக்கொள்கிறது. வயிறு நிறைந்தாலும் உடம்பு தேறாது.

சுருக்கமாகச் சொன்னால், சத்தான புல்லைக் காய வைக்க முடியாது. காய வைக்க முடிகிற புல்லில் சத்து இருக்காது.

வானிலை மாற்றம் இந்தச் சிக்கலை இன்னும் இறுக்குகிறது. 2025 ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் இமாச்சல், ஜம்மு பகுதிகளில் பெருமழை கொட்டியது. புல் அறுப்புக்குத் தயாராக வேண்டிய நேரம் அது. மறுபக்கம், 2024 ஜனவரியில் குல்மார்க் பனிச்சறுக்கு மைதானம் பனியே இல்லாமல் வெறுந்தரையாகக் கிடந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது ஏமாற்றம். மேய்ச்சல்காரர்களுக்கு அது வசந்தகாலப் புல்லைப் பற்றிய கவலை. உருகும் பனிதான் அந்தப் புல்லுக்கு ஈரம்.

முன்னோர் எப்படிச் சமாளித்தார்கள்?

மலைச் சமூகங்கள் ஒவ்வொன்றும் தங்களுக்கான வழியை வைத்திருந்தன. இமாச்சலில் ‘காஸ்னி’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. வீட்டுக்குச் சொந்தமான புல்தரையை மழைக்காலம் முழுக்க மேய்ச்சலுக்கு மூடிவைப்பார்கள். மழை விட்டதும் மொத்தமாக அறுத்து, காய வைத்து, அடுக்கிவைப்பார்கள். உத்தராகண்டில் காய்ந்த புல்லையும் வைக்கோலையும் மரத்தைச் சுற்றிக் கூம்பு போல அடுக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. பனி விழுந்தாலும் மேல் அடுக்குதான் நனையும். லடாக்கில் வீட்டின் மொட்டை மாடிதான் தீவனக் கிடங்கு. கோடையில் பாசனம் செய்து வளர்த்த குதிரை மசாலைக் காய வைத்துக் கட்டுக் கட்டாக அங்கே அடுக்குகிறார்கள். லடாக்கில் பருவமழை எட்டிப் பார்ப்பது அரிது. அதனால் அங்கே சத்தான பருவத்திலேயே காய வைக்க முடிகிறது.

இன்னொரு வழி, மரங்கள். பீமல் மரம் குளிர்காலத்திலும் இலையைத் தக்கவைத்துக்கொள்ளும். அந்த இலையில் புரதமும் அதிகம். இலையை உருவிய பின் கிளையிலிருந்து நார் எடுத்துக் கயிறு திரிப்பார்கள். பாஞ்ச் எனப்படும் ஓக், மல்பெரி, நம் ஊரிலும் இருக்கும் மந்தாரை எல்லாமே மலையில் தீவன மரங்கள்தான். வயல் வரப்பில் நாலு பீமல் மரம் இருக்கும் வீட்டுப் பெண், ஜனவரியில் காட்டுக்குப் போகும் நாட்கள் குறையும்.

ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு இடம்பெயர்வது இன்னொரு ஏற்பாடு. குஜ்ஜர், பக்கர்வால் சமூகத்தினர் கோடையில் மலை உச்சிப் புல்வெளிகளுக்கும், குளிரில் அடிவாரத்துக்கும் நகர்கிறார்கள். தீவனத்தைச் சேமிப்பதற்குப் பதிலாக, தீவனம் இருக்கும் இடத்துக்குப் போய்விடுவது.

இந்த வழிகள் எல்லாம் இன்று நெருக்கடியில் இருக்கின்றன. காஸ்னிகளில் உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் புகுந்துவிட்டன. ஓக் காடுகள் இருந்த இடத்தில் சிர் பைன் பரவுகிறது. அதன் ஊசியிலைகள் தரையை மூடினால் புல் முளைப்பது கஷ்டம். காய்ந்தால் அதுவே காட்டுத்தீக்கு எரிபொருள். புதுப்புல் துளிர்க்கட்டும் என்று சிலர் தீ வைப்பதும், அது கைமீறிப் போவதும் ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறது. இடம்பெயரும் சமூகங்களின் பாதைகளில் சாலைகளும் வேலிகளும் வந்துவிட்டன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அல்மோரா, பவுரி மாவட்டங்களின் மக்கள்தொகை அதற்கு முந்தைய கணக்கெடுப்பைவிடக் குறைந்திருந்தது. புல் அறுக்கும் கைகளும் குறைகின்றன.

மலையிலேயே தீவனம் பயிரிட முடியாதா?

முடியும். ஆனால் தீவனத்துக்கென்று தனி நிலம் ஒதுக்க மலை விவசாயியால் முடியாது. இருப்பதே துண்டு துண்டான படிக்கட்டு வயல்கள். நாடு முழுக்கவே சாகுபடி நிலத்தில் தீவனப் பயிருக்குக் கிடைப்பது சுமார் 4 சதவீதம்தான். பல பத்தாண்டுகளாக இந்த அளவு பெரிதாக மாறவில்லை. 2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருக்கும் கால்நடைகள் 53 கோடிக்கும் மேல்.

ஆகவே, ஜான்சியில் இருக்கும் இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனமும், மலை மாநில வேளாண் பல்கலைக்கழகங்களும் சொல்லும் வழி, ஏற்கெனவே இருக்கும் நிலத்தின் இடுக்குகளைப் பயன்படுத்துவது. அதில் நான்கு முக்கியமானவை.

முதலாவது, பழத்தோட்டத்தின் தரை. காஷ்மீரிலும் இமாச்சலிலும் ஆப்பிள் மரங்களுக்கு நடுவே கிடக்கும் இடத்தில் வெள்ளை குளோவர், சிவப்பு குளோவர், ஆர்ச்சர்ட் புல், டால் ஃபெஸ்க்யூ போன்ற குளிர்தாங்கிகளை வளர்க்கலாம். குளோவர் பயறுவகைச் செடி. காற்றில் இருக்கும் நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் பிடித்து மண்ணுக்குத் தரும், புரதமும் அதிகம். மண் அரிப்பையும் தடுக்கும். ஒரு எச்சரிக்கை உண்டு. மரத்துக்குப் பூச்சிமருந்து அடித்த பிறகு, குறிப்பிட்ட நாட்கள் கழியும்வரை அந்தப் புல்லை மாட்டுக்குப் போடக் கூடாது.

இரண்டாவது, படிக்கட்டு வயல்களின் சுவர் போன்ற வரப்புகள். தாழ்வான மலைகளில் இங்கே கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், செட்டேரியா வளரும். உயரம் கூடக்கூட நேப்பியர் குளிரில் கருகும். அங்கே ஃபெஸ்க்யூ, ஆர்ச்சர்ட் புல்தான் தாங்கும். தமிழ்நாட்டில் நன்றாக வரும் ஒரு ரகத்தை அப்படியே மலைக்கு ஏற்ற முடியாது.

மூன்றாவது, குளிர்கால ஓட்ஸ். காஷ்மீர் பள்ளத்தாக்கில் நெல் அறுத்த வயலில் இலையுதிர் காலத்தில் விதைத்தால், பயிர் பனிக்கு அடியில் உறங்கிக் கிடந்து, வசந்தத்தில் எழும். அடுத்த நெல் நடவுக்கு முன்னால் அறுத்துவிடலாம். சேமித்த தீவனம் தீர்ந்து, புதுப்புல் இன்னும் தலைகாட்டாத இடைவெளியை இது நிரப்புகிறது. காஷ்மீருக்கென ‘சப்ஸார்’, இமாச்சலுக்கென ‘பாலம்பூர்-1’ போன்ற ஓட்ஸ் ரகங்கள் வெளியிடப்பட்டிருக்கின்றன.

நான்காவது, தீவன மரங்கள். வரப்பிலும் வீட்டோரத்திலும் பீமல், மல்பெரி நட்டு, எல்லா மரத்தையும் ஒரே ஆண்டில் மொட்டையடிக்காமல் சுழற்சி முறையில் கழிப்பது.

இவை எதுவும் புதிய கண்டுபிடிப்புகள் இல்லை. இடிக்கும் இடம் விதை. நெல், கோதுமை விதை போல குளோவர், ஃபெஸ்க்யூ விதை கடைக்குக் கடை கிடைப்பதில்லை. மாடு தின்பதற்காகப் பயிரை விதைக்கு முன்பே அறுத்துவிடுவதால், விவசாயியிடமும் விதை தங்குவதில்லை.

சைலேஜ் என்ன மாயம் செய்கிறது?

சத்தான பருவத்தில் வெயில் இல்லை என்பதுதானே சிக்கல்? வெயிலே தேவைப்படாத சேமிப்பு முறை ஒன்று உண்டு. அதுதான் சைலேஜ். நம் பால் பண்ணைகளில் ‘ஊறுகாய்ப்புல்’ என்பார்கள். பெயர் பொருத்தமானது. பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்க வைப்பதுதான் சைலேஜ்.

செய்முறை எளிது. புல்லையோ சோளத்தையோ ஓட்ஸையோ இரண்டு மூன்று செ.மீ. துண்டுகளாக நறுக்க வேண்டும். ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு வரும்வரை வாட விட வேண்டும். குழியிலோ தடிமனான பிளாஸ்டிக் பையிலோ போட்டு, காற்று இல்லாமல் மிதித்து இறுக்கி மூட வேண்டும். உள்ளே லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக்கும். அமிலத்தன்மை ஏறியதும் கெடுக்கும் கிருமிகள் அடங்கிவிடும். சுமார் 45 நாளில் தயார். குளிர் கூடினால் இன்னும் சில நாள் பிடிக்கும். மலைப்புல்லில் சர்க்கரை குறைவு என்பதால், கொஞ்சம் வெல்லப்பாகுக் கழிவு சேர்ப்பார்கள்.

ஆகஸ்டில் இரண்டு நாள் மழை ஓய்ந்தால்கூடப் போதும், அறுத்து அடைத்துவிடலாம். ஒரு வீட்டுக்குப் பெரிய குழி வேண்டாம். 40, 50 கிலோ பிடிக்கும் பைகள் போதும். எலி ஓட்டை போடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. ஓட்டை விழுந்தால் காற்றுப் புகுந்து பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்ததை மாட்டுக்குப் போடக் கூடாது.

ஏற்கெனவே முற்றிப்போன புல்லுக்கும் வைக்கோலுக்கும் இன்னொரு வழி உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, சீராகத் தெளித்து, மூன்று வாரம் மூடிவைத்தால் நார் இளகும், நைட்ரஜன் சத்தும் கூடும். அளவு தப்பினால் நஞ்சு. ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுகளுக்கு அறவே ஆகாது. கால்நடை மருத்துவரின் வழிகாட்டுதல் இல்லாமல் செய்யக் கூடாத வேலை இது.

அரசு என்ன செய்கிறது?

உத்தராகண்ட் அரசு 2021 அக்டோபர் 30 அன்று ‘முதல்வரின் கஸ்யாரி நலத் திட்ட’த்தைத் தொடங்கியது. தொடங்கிவைத்தவர் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா. ‘கஸ்யாரி’ என்றால் புல் அறுக்கப் போகும் பெண். பெண்களின் தலைச்சுமையை இறக்குவதுதான் நோக்கம் என்று திட்டத்தின் பெயரே சொல்கிறது. சமவெளிப் பகுதியில் கூட்டுறவு முறையில் மக்காச்சோளம் பயிரிட்டு, சைலேஜாக்கி, 25, 30 கிலோ பொட்டலங்களாக மலைக்கு அனுப்பி மானிய விலையில் தருகிறார்கள்.

காட்டுக்குப் போகும் நாட்களைக் குறைக்கும் எதுவும் நல்லதுதான். மக்காச்சோள சைலேஜில் இருக்கும் சத்தும் முற்றிய புல்லில் கிடையாது. கறவை மாட்டுக்கு மிகவும் உதவும்.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். சைலேஜில் உலர்பொருள் சுமார் 30 சதவீதம். 30 கிலோ பொட்டலத்தில் 9 கிலோதான் தீவனம், மீதி 21 கிலோ தண்ணீர். அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் லாரி மலையேற்றுகிறது. லாரி நிற்பது தார்ச்சாலையில். வீடு அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் மேலே என்றால், அந்த 30 கிலோ மறுபடியும் யார் தலையில் ஏறும்? அதே பெண் தலையில்தான்.

விலையிலும் இதே கணக்கு. உதாரணத்துக்கு, ஒரு கிலோ சைலேஜ் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உண்மையான தீவனத்தின் விலை கிலோவுக்கு 26 ரூபாயைத் தாண்டும். மானியம் இருக்கும்வரை வலி தெரியாது. மானியம் குறைந்தால்?

சாலையை நம்பியிருப்பதில் இன்னொரு அபாயமும் உண்டு. 2025 ஆகஸ்ட்-செப்டம்பர் மழையில் ஜம்மு-ஸ்ரீநகர் தேசிய நெடுஞ்சாலை துண்டிக்கப்பட்டு, ஆப்பிள் லாரிகள் பல நாட்கள் வழியிலேயே நின்றன. ஆப்பிள் இறங்க முடியாத சாலையில் வைக்கோலும் ஏற முடியாது. அதே சமயத்தில் பஞ்சாபின் வயல்களும் வெள்ளத்தில் கிடந்தன. தீவனத்துக்கு மலை நம்பியிருக்கும் சமவெளியும், அதை ஏற்றிவரும் சாலையும் ஒரே மழையில் முடங்கின.

மத்திய அரசின் தேசியக் கால்நடை இயக்கம், 2021-இல் மாற்றியமைக்கப்பட்ட பிறகு, சைலேஜ், உலர்புல் கட்டு, தீவனக் கட்டிகள் தயாரிக்கும் தொழில்முனைவோருக்கு 50 சதவீத மானியத்தை, அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. பெரிய யூனிட்டுகளுக்கு இது பொருந்தும். இரண்டு மாடு வைத்திருக்கும் மலைவீட்டுக்குத் தேவை, கையால் சுற்றும் ஒரு நறுக்கும் இயந்திரம், பத்து நல்ல பைகள், ஒரு கிலோ குளோவர் விதை. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை இந்த இயக்கத்தை விரிவாக்கி, தரிசு நிலம், மேய்ச்சல் நிலம், சிதைந்த வன நிலம் ஆகியவற்றிலும் தீவனம் வளர்க்க மாநிலங்களுக்கு உதவ ஒப்புதல் தந்தது. மலைக்கு நெருக்கமான திட்டம் இதுதான். ஆனால் இது இன்னொரு கேள்வியை எழுப்புகிறது.

புல்வெளி யாருடையது?

2022 ஜூலையில் உத்தராகண்டின் சமோலி மாவட்டம், ஹேலங் கிராமத்தில் புல் அறுத்துத் திரும்பிய பெண்களைப் பாதுகாப்புப் படையினர் தடுத்து நிறுத்தினர். முதுகிலிருந்த புல்கட்டைப் பறிக்கும் காட்சி வீடியோவாகப் பரவி, மாநிலம் முழுக்கப் போராட்டங்கள் நடந்தன. அது நீர்மின் திட்டத்தை ஒட்டிய நிலம். ‘எங்கள் கிராமத்தின் மேய்ச்சல் நிலம் இது’ என்பது பெண்களின் வாதம்.

சமோலி என்ற பெயர் பலருக்கு வேறொரு காரணத்துக்காக நினைவிருக்கும். 1970-களில் சிப்கோ இயக்கம் எழுந்தது இந்த மாவட்டத்தில்தான். 1974-இல் ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் மற்ற பெண்களும் மரங்களைக் காக்க நின்றதை இயற்கை மீதான நேசமாக மட்டும் பார்ப்பது பாதி உண்மை. அந்தக் காடுதான் அவர்களுக்குப் புல், விறகு, தண்ணீர்.

உத்தராகண்டில் 11,000-க்கும் மேற்பட்ட வன பஞ்சாயத்துகள் இருக்கின்றன. பிரிட்டிஷ் காலத்துப் போராட்டங்களுக்குப் பிறகு 1931-இல் வந்த விதிகளால் உருவான அமைப்பு இது. எந்தச் சரிவை எப்போது மூடுவது, எப்போது புல் அறுக்கத் திறப்பது, ஒரு வீட்டுக்கு எத்தனை கட்டு என்று கிராமமே முடிவு செய்யும். பொது நிலத்தில் குளோவர் விதைத்தாலும், உண்ணிச்செடியைப் பிடுங்கினாலும், பலன் தனக்கு வரும் என்ற உறுதி இருந்தால்தான் ஒருவர் உழைப்பார். நாளை அந்தச் சரிவு வேறு எதற்காவது போய்விடும் என்றால், யார் விதைப்பார்கள்?

பால் விலைக்கும் புல்லுக்கும் என்ன தொடர்பு?

இமாச்சல் அரசு 2024-இல் பாலுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை நிர்ணயித்தது. பசும்பால் லிட்டர் 45 ரூபாய், எருமைப்பால் 55. அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் அவை 51, 61 ரூபாயாக உயர்த்தப்பட்டன. விலை ஏறுவது நல்ல சேதி. ஆனால் தீவனத்தை வெளியிலிருந்து வாங்கினால், ஏறிய விலையில் பெரும்பகுதி தீவன வியாபாரியிடமே போய்விடும். வீட்டுப் புல்லில் கறக்கும் பாலில்தான் காசு கையில் நிற்கும்.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் இதை வேறு விதமாக அணுகுகிறார்கள். செங்குத்தான சரிவில் புல் அறுக்கும் விவசாயிக்குச் சுவிட்சர்லாந்து அரசு நேரடியாகப் பணம் தருகிறது. சரிவைப் பராமரிப்பது நாட்டுக்குச் செய்யும் வேலை என்பது அதன் தர்க்கம். ஆஸ்திரியாவின் ‘உலர்புல் பால்’, சைலேஜ் போடாமல், புல்லும் உலர்புல்லும் கொடுத்து வளர்த்த மாடுகளின் பால் என்று 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாரம்பரியத் தர முத்திரையைப் பெற்றது. அங்கே இயந்திரங்களும் மானியமும் அதிகம், இங்கே இரண்டும் குறைவு. அப்படியே காப்பியடிக்க முடியாது. ஆனால் புல் அறுப்பதைக் கூலி தர வேண்டிய வேலையாகப் பார்க்கும் பார்வையை எடுத்துக்கொள்ளலாம். இமயமலைப் பெண்ணின் 120 சுமைகளுக்கு இன்றுவரை எந்தக் கணக்கிலும் விலை போடப்படவில்லை.

நீலகிரிக்கு இதில் பாடம் உண்டா?

உண்டு. தமிழ்நாட்டிலும் குளிர் மலை இருக்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஊட்டி சுற்றுவட்டாரத்தில் விழும் உறைபனி புல்லைக் கருக்கிவிடுகிறது. தோடர்களின் எருமைகள் மேய்ந்த இயற்கைப் புல்வெளிகளில் பெரும்பகுதி சீகை மரம், யூகலிப்டஸ், தேயிலையாக மாறிவிட்டது. குளிர்தாங்கும் குளோவரும் ரை புல்லும் இமயமலைக்கு மட்டுமான பயிர்கள் இல்லை. ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் இயங்கும் செம்மறி ஆராய்ச்சி நிலையத்திலும் இத்தகைய தீவனங்கள் வளர்க்கப்பட்டிருக்கின்றன.

அப்படியானால் தீர்வு எது?

ஒரே தீர்வு என்று எதுவும் இல்லை. ஆனால் வரிசை முக்கியம். முதலில் வீட்டைச் சுற்றி: வரப்பில் புல்லும் மரமும், தோட்டத்தரையில் குளோவர். அடுத்து, ஆகஸ்டுப் புல்லில் ஒரு பங்கையாவது சிறிய சைலேஜ் பைகளில் அடைப்பது. மூன்றாவது, காஸ்னியையும் பொதுப் புல்வெளியையும் களை நீக்கிச் சீரமைப்பது. அதற்கு கிராமத்தின் உரிமையை உறுதி செய்வது. இதெல்லாம் போதாத ஆண்டுகளுக்கு, பேரிடர் காலங்களுக்கு, சமவெளியிலிருந்து வரும் பொட்டலம். இப்போது பணமும் கவனமும் கடைசிப் படியில் குவிந்து, முதல் மூன்றும் செயல்விளக்கத் திடல்களோடு நின்றுவிடுகின்றன.

ஒரு வீடு தன் தேவையில் கால் பங்கை, அதாவது 30 நாள் தீவனத்தை, வீட்டைச் சுற்றியே எடுத்துவிட்டால், ஒரு மாட்டுக்கு 30 சுமை குறையும். பனி விழும் ஜனவரியில் ஒரு பெண் 30 நாள் மலையேற வேண்டியதில்லை. திட்டங்கள் வெற்றியா தோல்வியா என்பதை எத்தனை டன் விநியோகித்தார்கள் என்பதை வைத்துப் பார்ப்பதைவிட, அந்த நாட்களை எண்ணிப் பார்ப்பது சரியாக இருக்கும்.